கைக்கடியாரக் கம்பெனியார் கவனிப்பார்களா?

ஆப்பிள் கம்பெனியார் 2015-ல் தங்கள் முதல் ஸ்மார்ட் வாட்சை வெளியிட்டபோது, ஒருமுறை மின்சாரம் ஏற்றினால் 18 மணி நேரம் ஓடுமென்றனர். 2024-ல் வந்த சீரிஸ் 10-க்கும் அதே கணக்குத்தான். 2025-ல் வந்த சீரிஸ் 11-க்கு 24 மணி என்றனர். பத்து வருஷத்தில் ஆறு மணி அபிவிருத்தி! உறக்கத்தை அளக்கவேண்டிய கடியாரம் இரவில் சார்ஜரில் கிடந்தால் எதை அளக்கும்?

ஆயுள் விஷயமோ இன்னும் பரிதாபம். 10,000 டாலர் முதல் விற்கப்பட்ட முதல் தங்கக் கடியாரத்துக்குங்கூட 2018-ல் வெளியான வாட்ச் ஓஎஸ் 5 மறுக்கப்பட்டது. கூகுள் கம்பெனியாரோ 2025-ல் பிக்ஸல் வாட்ச் 4-ல் பாட்டரியையும் திரையையும் எளிதில் மாற்றுமாறு அமைத்துவிட்டனர். ஆப்பிளாருக்கு மட்டும் பசைபோட்டு ஒட்டுவதில் ஏன் இத்தனை பிடிவாதம்? புது நிறமும் புது வாரும் இருக்கட்டும். அடுத்த கடியாரம் இரண்டு நாளாவது ஓடவேண்டும்; பாட்டரியை உடையவரே மாற்றிக்கொள்ள இயலவேண்டும். காசு கொடுத்தவர்களின் இக்கோரிக்கை முற்றும் நியாயமென்றே நாம் கருதுகிறோம்.