மறைத்து ஊட்டலாமா?

காய்கறியை அரைத்து விசுக்கோத்து மாவிற் சேர்த்துச் சுட்டு, பிள்ளை அறியாவண்ணம் காலையுணவாகக் கொடுக்கும் வழக்கம் இன்று பரவி வருகின்றது. நோக்கம் நன்று, முறை எனக்கு உடன்பாடன்று.

பண்டத்தரிப்பில் எங்கள் பாட்டிமார் ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுப் பிழிந்து கைப்பகற்றி, முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் கலந்து பிட்டாக அவித்தனர். குரக்கன் பிட்டிலும் கீரை சேர்ந்தது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணச்சத்து உண்டு. அப்பிட்டின் பச்சை நிறத்தை எவரும் ஒளிக்கவில்லை. பிள்ளைகள் கண்டே உண்டு பழகினர்.

ஒளித்து ஊட்டிய கீரை உடலுக்கு உதவலாம்; நாவோ அதன் சுவையைப் பழகாது. சூழ்ச்சி வெளிப்படும் நாளில் பிள்ளை தாயின் கையையே ஐயுறும். விசுக்கோத்துச் சுடுவோர் தாராளமாகச் சுடட்டும். உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லட்டும். மாப்பிசையப் பிள்ளையையும் அழைக்கட்டும்.