கணக்கு நிலைத்தது, வணக்கம் மறைந்தது

 

கொரிய நாட்டு மக்கள் தம் பழைய சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதத்து முழுநிலா நாளை 'சூசோக்' என்னும் அறுவடைத் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். முன்னொரு நாளும் பின்னொரு நாளும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. தலைநகர் சியோலில் பணிபுரிவோர் பெற்றோர் வாழும் ஊர்களை நாடிப் புறப்படுவர். அரிசி மாவினுள் எள்ளோ பயறோ வைத்து, அரைநிலா வடிவில் பிடித்து, பைன் இலைகளின்மேல் வேகவைத்த 'சோங்பியோன்' என்னும் கொழுக்கட்டையை இல்லத்தார் கூடி உண்பர். முன்னோர்க்குப் படையலிடும் அவர்தம் வழக்கம் நம் மார்க்கத்திற்கு உடன்பாடானதன்று. எனினும், எத்துணைத் தொலைவாயினும் ஆண்டுக்கொருமுறை தாய் தந்தையரைத் தேடிச் செல்லும் பண்பு போற்றத்தக்கதே.

2024-ஆம் ஆண்டில் செப்டம்பர் 17-ஆம் நாள் அத்திருநாள் வந்தது. நம் ஊர்களில் அது ரபீவுல் அவ்வல் பிறை வளர்ந்து நின்ற வேளை. சியோலில் ஆய்வு மாணவனாக உள்ள என் தங்கையின் மகன், உடன் பயில்வோரெல்லாம் ஊர் சென்றுவிட, விடுதியில் தனித்திருந்தான். தனிமை தாளாது கியோங்போக்குங் அரண்மனையைக் காணச் சென்றவன், அங்கிருந்தே எனக்குத் தொலைபேசினான்.

"மாமா, திருநாளுக்காக இன்று அரண்மனையில் நுழைவுக் கட்டணமே இல்லை. பட்டும் வண்ணமுமாய் ஹன்போக் உடையணிந்து குடும்பம் குடும்பமாய் வந்திருக்கிறார்கள். ஒரு வாப்பா தம் மகனைத் தோளில் தூக்கி அரியணை மண்டபத்தைக் காட்டுகிறார். எனக்கு உம்மா நினைவு வந்துவிட்டது" என்றான். அவன் குரல் தழுதழுத்தது.

அரியணை மண்டபத்தின் முன்னுள்ள முற்றத்தில், அரசவையினர் தத்தம் தகுதிக்கேற்ப நிற்க வேண்டிய இடங்களைக் குறிக்கும் கற்கள் இரு வரிசையாக நடப்பட்டுள்ளன. அவற்றினிடையே தான் நிற்பதாக அவன் சொன்னதும், நான் வரலாற்றில் படித்த செய்தியொன்று நினைவில் எழுந்தது. அதனை அவனுக்குக் கூறினேன்.

1395-இல் எழுப்பப்பட்டு, 1592-ஆம் ஆண்டுப் போரில் எரிந்து, 1860-களில் மீண்டும் கட்டப்பட்டது அவ்வரண்மனை. கொரிய எழுத்தைப் படைத்த சேஜோங் மன்னர் பதினைந்தாம் நூற்றாண்டில் அரசாண்ட இடம் அது. மங்கோலியர் மேலோங்கியிருந்த காலத்தில் கொரியாவில் குடியேறிய முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் அப்போதும் அந்நாட்டில் வாழ்ந்தனர். தமக்கே உரிய உடையுடன் அரசவைப் பெருவிழாக்களில் கலந்துகொண்டு, தம் முறைப்படி வாழ்த்துரைத்தும் வந்தனர். 1427-இல் அரசாணையொன்று பிறந்தது. அவர்கள் நாட்டு மக்களைப் போலவே உடுத்தவேண்டும். அவையில் தம் முறைப்படி வாழ்த்துரைப்பதும் கூடாது என்றது அவ்வாணை. அதன்பின் அம்மக்கள் சிறிது சிறிதாகப் பெருங்குடியில் கரைந்து மறைந்தனர்.

வியப்பு யாதெனில், அதே மன்னர் காலத்தில் 'சில்ஜோங்சான்' என்னும் வானியல் கணக்கு நூல் இரு பகுதிகளாகத் தொகுக்கப்பட்டது. அதன் புறப்பகுதி முஸ்லிம் வானியலாரின் முறையைத் தழுவியது. ஞாயிறு, திங்களின் இயக்கத்தையும் கிரகணங்களையும் கணிக்க அவ்வறிவு பயன்பட்டது. முஸ்லிம்களின் கணக்கு அரண்மனையில் நிலைத்தது. அவர்தம் வணக்கமோ அவர்களின் பேரப்பிள்ளைகளிடம்கூட நிலைக்கவில்லை!

இதனைக் கேட்ட மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மாமா, அரசாணை ஏதுமின்றியே நான் தொழுகையை விட்டு ஐந்து மாதமாகிறது. ஆய்வுக்கூடத்தில் நேரமில்லை என்று தொடங்கினேன், பிறகு நேரமிருந்தும் தொழவில்லை" என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள என் நாவு எழவில்லை. அந்த ஐந்து மாதமும் வாரந்தோறும் அவனோடு பேசியவன் நான். 'சாப்பிட்டாயா? குளிருக்கு உடை உண்டா? படிப்பு எவ்வளவில் இருக்கிறது?' என்றெல்லாம் கேட்டேன். 'தொழுதாயா?' என்று ஒருமுறையேனும் கேட்டேனில்லை. மதரஸாவில் ஊரார் பிள்ளைகளிடம் அன்றாடம் கேட்கும் கேள்வியைச் சொந்தப் பிள்ளையிடம் கேட்க மறந்தேன். அக்குற்றம் அவனுடையது மட்டுமன்று.

சியோலின் இதேவோன் பகுதியில் மேட்டின்மீது பள்ளிவாசலொன்று உள்ளது. 1950-இல் மூண்ட கொரியப் போரில் பங்கேற்க வந்த துருக்கிப் படையினர் வழியே இஸ்லாம் அம்மண்ணில் மீண்டும் துளிர்த்தது. பின்னர் அரசு நிலமளிக்க, முஸ்லிம் நாடுகள் பொருளுதவி புரிய, 1976-இல் அப்பள்ளி திறக்கப்பட்டது. "சுரங்க ரயிலேறி அங்குச் செல், மற்றவற்றைப் பிறகு பேசுவோம்" என்றேன்.

இரவு மீண்டும் அழைத்தான். "மஃரிப் ஜமாஅத் கிடைத்தது மாமா. பல நாட்டவர் ஒரே வரிசையில் நின்றோம். வெளியே வந்தபோது முழுநிலா எழுந்திருந்தது. உம்மாவிடமும் பேசிவிட்டேன்" என்றான். அல்ஹம்துலில்லாஹ்!

பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்பியுள்ள பெற்றோர்களே! ஊறுகாயும் பொடியும் கட்டி அனுப்புகிறீர்கள். வருவாயையும் தேர்வையும் கேட்டறிகிறீர்கள். தொழுகையையும் கேளுங்கள், ஆனால் அதட்டலாக அன்று, அன்பாகக் கேளுங்கள். நம் மக்களின் அறிவு மட்டுமன்றி, ஈமானும் அவர்தம் வழித்தோன்றல்களிடம் நிலைத்திருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.