பதவியின் பெயரும் பணியின் பொருளும்



சாதிச் சான்றிதழுக்காகவோ பட்டா மாறுதலுக்காகவோ அரசு அலுவலக வாயிலில் காத்து நிற்கும் எளியவரின் நெஞ்சில் ஓர் அச்சம் குடிகொண்டிருப்பதைக் காண்கிறோம். உள்ளே அமர்ந்திருப்பவரின் பதவிப் பெயரே அவரைப் பாதி நடுங்க வைத்துவிடுகிறது. ஆயினும், ஆங்கிலேயர் நம்மிடையே விட்டுச்சென்ற அப்பெயர்களின் வேரைச் சற்றே ஆராய்ந்தால், அவற்றுட் பல ஏதோவொரு கடமையைக் குறிக்கவே பிறந்தன என்பது புலனாகும்.

கலெக்டர் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் நேர்ப்பொருள் தண்டல் செய்பவர் என்பதே. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் நிலவரி தண்டுவதற்கென இப்பதவியை ஏற்படுத்தினார். நாமோ அதனை மாவட்ட ஆட்சியர் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். வரி தண்டியவர் ஆள்பவராகிவிட்டார்!

1688-இல் சென்னையில் மாநகராட்சி தோன்றியபோது ஒரு மேயரும், பன்னிரு ஆல்டர்மேன்களும் அமர்த்தப்பட்டனர். ஆங்கிலேயரேயன்றி இந்தியரும், போர்த்துக்கீசியரும், யூதரும் அவர்களுள் இருந்தனர். ஆல்டர்மேன் என்றால் மூத்தோர். நம் ஊர்ப் பெரியவர் என்ற சொல்லுக்கு இதனினும் நெருங்கிய உறவுடைய ஆங்கிலச் சொல் காண்பதரிது. மேயர் என்பது 'பெரியவர்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆலந்தூர் நகராட்சியைச் சார்ந்திருந்த எங்கள் ஆதம்பாக்கமும் 2011-இல் அந்த மேயரின் எல்லைக்குள் வந்து சேர்ந்தது.

ஷெரிப் என்றொரு பதவியும் இந்நகரில் இருந்தது. ஷையர் என்றால் நாட்டின் ஒரு பிரிவு. ரீவ் என்றால் அதன் மேற்பார்வையாளர். இவ்விரண்டும் இணைந்தே ஷெரிப் ஆயிற்று. 1726-ஆம் ஆண்டின் அரச சாசனத்தையடுத்துச் சென்னைக்கு வந்த இப்பதவி, தொடக்கத்தில் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் பொறுப்பைச் சுமந்தது. காலப்போக்கில் பொறுப்பு தேய்ந்து, ஓராண்டுக்கு ஒரு பிரமுகருக்கு அளிக்கப்படும் கௌரவமாக மட்டும் எஞ்சியது. 1998-இல் அதுவும் நீக்கப்பட்டது. கடமை கழன்றபின் பெயர் எத்தனை நாள் நிற்கும்?

இதற்கு மாறாக, 1980-இல் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது அவர்களுடைய கணக்கும் கடமையும் ஒழியவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அவை சென்று சேர்ந்தன. மக்களுக்குத் தேவையான பணி வேறொரு பெயரிலேனும் வாழ்ந்தே தீரும்.

இன்னும் சில சொற்கள் வியப்பூட்டுவன. கான்ஸ்டபிள் என்றவர் முற்காலத்தில் உரோமைப் பேரரசின் குதிரை லாயத்துக்குப் பொறுப்பாளர். உயர்நீதிமன்றத்தில் 'மை லார்டு' என்று விளித்து வந்த அச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'அப்பத்தைக் காப்பவர்' என்று பொருள். தம்மை அண்டியிருப்போருக்கு உணவளிப்பவரே பிரபு! அவர் மனைவியைக் குறித்த லேடி என்னும் சொல்லுக்கோ மாவு பிசைபவள் என்று பொருள். பசித்தோருக்குச் சோறிடும் கடமையிலிருந்தே அந்தப் பெருமை முளைத்தது.

எல்லாவற்றினும் சிந்திக்கத்தக்கது மினிஸ்டர் என்னும் சொல். அமைச்சரைக் குறிக்கும் இதற்கு இலத்தீனில் ஏவலர், ஊழியர் என்றே பொருள். 'சிறியவர்' என்னும் கருத்தே அதன் வேர். மேயர் பெரியவர், மினிஸ்டர் சிறியவர்! குருக்களின் திருப்பணியைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் இச்சொல்லே வழங்குகிறது. பெரியவராக விரும்புவோர் பணியாளராகட்டும் என்ற ஆண்டவரின் போதனையைச் சொல்லின் வேரே எதிரொலிக்கின்றது அன்றோ? ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சபையை வழிநடத்திய பெரிய கிரகோரியார், தம்மை இறை ஊழியர்களின் ஊழியர் என்றே அழைத்துக்கொண்டார்.

அரசு அலுவலகங்களைக் குறைகூறி நாம் அமைந்துவிடலாகாது. பங்குப் பேரவையிலும் பக்த சபைகளிலும் தலைவர், செயலர், பொருளாளர் என்ற பெயர்களுக்காக எத்தனை மனத்தாங்கல்கள்! தேர்தல் முடிந்தபின் கணக்கெழுதவும், நோயாளரைச் சந்திக்கவும், கோயில் முற்றத்தைப் பெருக்கவும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. இதனைக் குருக்களாகிய நாங்களும் எங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்.

வாசகர்களுள் அரசுப் பணியாற்றுவோர் பலர் உண்டு. உங்கள் மேசைமீதுள்ள பெயர்ப்பலகை காத்து நிற்பவரை அச்சுறுத்த வைக்கப்பட்டதன்று. தம் குறையை யாரிடம் சொல்லலாம் என்பதை அவருக்குக் காட்டவே வைக்கப்பட்டது. நாளைக் காலை அலுவலகம் சென்றதும், வாயிலில் நிற்கும் முதல் மனிதரை அமரச் சொல்லுங்கள். உங்கள் பதவிப் பெயரின் பழம்பொருள் அப்போது மீண்டும் உயிர்பெறும்.