டாக்டர் பரீட்சையும் சூத்திர ஜெபமும்



வைத்தியக் கல்லூரியில் சேருவதற்கு 'நீட்' என்று ஒரு பரீட்சை 2017-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டின் தலையில் கட்டப்பட்டிருப்பது யாவரும் அறிந்ததே. அதற்காகப் பௌதிக சாஸ்திரத்தில் "முக்கியமான சூத்திரங்கள்" என்று பட்டியல் போட்டு, நம் பிள்ளைகள் இரவு பகலாய் உருப்போட்டுக் கொண்டிருப்பதும் யாவரும் பார்ப்பதே. இந்த உருப்போடுதலைப் பற்றித்தான் இன்று நாம் இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

சமீபத்தில் தரங்கம்பாடிக்குப் போயிருந்தபோது, மீன்பிடிக்கும் தோழர் ஒருவருடைய மகனைக் கடற்கரையில் சந்தித்தோம். கையில் நோட்டுப் புத்தகம்; மேலே பிள்ளையார் சுழி, கீழே சூத்திர வரிசை. "தம்பி, அலையின் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?" என்றோம். "அதிர்வெண் பெருக்கல் அலைநீளம்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். "அதோ அலை வருகிறதே, அதில் அலைநீளம் எது, காட்டு பார்க்கலாம்" என்றோம். "அது பரீட்சைக்கு வராதுங்க ஐயா" என்றான். பக்கத்தில் வலையைச் சரிபார்த்துக் கொண்டிருந்த தகப்பனாரோ, "இந்த அலை முதுகுக்கும் அடுத்த அலை முதுகுக்கும் நடுவிலே இருக்கிற தூரந்தானே?" என்றார்.

பள்ளிக்கூடம் போகாத தகப்பனுக்குத் தெரிந்தது படிக்கிற மகனுக்குத் தெரியவில்லை. இதற்குப் பையன் ஜவாப்தாரியல்ல. அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பதற்கு மந்திரம் என்று பெயர். விஞ்ஞானத்தை மந்திரமாக்கி, அதை விற்பதற்குப் 'பயிற்சி நிலையம்' என்று மடம் கட்டி வைத்திருக்கிறவர்களே ஜவாப்தாரிகள். சூத்திரன் வேதம் ஓதக்கூடாது என்றது பழைய மனுதர்மம். சூத்திரம் ஓதலாம், ஆனால் லக்ஷக் கணக்கில் பணத்தோடு வா, அர்த்தம் மட்டும் கேட்காதே என்கிறது புதிய மனுதர்மம்!

சூத்திரம் என்பது என்ன? நடப்பதைப் பார்த்து, அளந்து, சோதித்து, சுருக்கி எழுதி வைத்த கணக்கு, அவ்வளவே. புவாஸேய் என்ற பிரெஞ்சு வைத்தியர், குழாயில் திரவம் ஓடுவதைப் பல வருஷம் அளந்து பார்த்து 1840-களில் ஒரு விதி சொன்னார். அழுத்தமும் நீளமும் மாறாமலிருந்தால், ஓட்டம் குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்குப்படி மாறும் என்பது அது. இரத்தக் குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் இரத்த ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது! கொழுப்பு அடைத்துக் குழாய் குறுகினால் நெஞ்சு ஏன் வலிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். கழுத்துக் கழலைக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் 131-க்கு அரை ஆயுள் 8 நாள். ஆகையால் 24 நாளில் அதில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எந்தக் குப்பத்துப் பிள்ளைக்குத்தான் புரியாது?

2004 டிசம்பர் 26-ந் தேதி தரங்கம்பாடியில் கடல் ஊருக்குள் புகுந்து உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. "கடலம்மா கோபம்" என்றார்கள். கோபமுமில்லை, சாபமுமில்லை. இத்தகைய நெடிய அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர்; கரையோரம் 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 36. முன்னால் போகும் தண்ணீர் வேகம் குறைய, பின்னால் வருவது அதன்மேல் ஏற, அலை உயருகிறது. அந்த ஊர்க் கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலையே கடல் அரித்துத் தின்றுவிட்டது. தன் சுவரைக் காப்பாற்றிக்கொள்ளாத சாமியா, ஹால் டிக்கெட்டைக் காலடியில் வைத்தால் மார்க்குப் போடப் போகிறது?

நிற்க. "டாக்டருக்குப் பௌதிகம் வேண்டாமா? தகுதியைச் சோதிக்க வேண்டாமா?" என்பார்கள். பௌதிகம் வேண்டும் என்பதுதான் நமது கட்சியும். ஆனால் இந்தப் பரீட்சையின் யோக்கியதையைப் பாருங்கள். 2025-ல் 180 கேள்விக்கு 180 நிமிஷம். அதில் பௌதிகம் 45 கேள்வி. கேள்விக்கு ஒரு நிமிஷம் என்றால் அங்கே யோசனைக்கு இடமேது? போகட்டும். 2023-ல் பொதுப்பிரிவினருக்குத் தேர்ச்சி மார்க்கு 720-க்கு 137. பாடவாரியாகக் குறைந்தபட்ச மார்க்கு கிடையாது. ஆகவே பௌதிகத்தில் சைபர் வாங்கினவனும், 360 மார்க்குள்ள உயிரியலைக் கொண்டே தேறிவிடலாம். பெட்டியில் பணமிருந்தால் தனியார் கல்லூரியில் இடமும் பிடிக்கலாம். அதே 2023-ல் மேற்படிப்புக்குத் தேர்ச்சி அளவைப் பூஜ்ய சதமானத்துக்கே இறக்கினார்கள். பணக்காரனுக்குச் சைபரும் தகுதி! 2017-ல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கிய குழுமூர் அனிதாவுக்கோ தகுதியில்லை! அந்தப் பெண்ணை நாம் இழந்தோம்.

2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே நம் நாட்டில் டாக்டர்களைத் தேர்ந்தெடுத்தோம். அவர்கள் கொடுத்த ஊசி யார் உடம்பில் ஏறாமல் திரும்பி வந்தது? 2021-ல் சட்டசபை விலக்கு மசோதா நிறைவேற்றியது, கவர்னர் திருப்பியனுப்பினார், 2022-ல் மறுபடி நிறைவேற்றியது, ஜனாதிபதி ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டசபையிலேயே தெரிவிக்கப்பட்டது. 1951-ல் வகுப்புவாரி உத்தரவைக் கோர்ட்டு செல்லாதென்றபோது, மக்கள் கிளர்ச்சியால் அரசியல் சட்டமே முதல் முறையாகத் திருத்தப்பட்டதை மறந்துவிட வேண்டாம்.

தமிழில் புதிய ஏற்பாடு அச்சிடப்பட்டு 1715-ல் முடிந்த ஊர் தரங்கம்பாடி. ஓலையில் கட்டிக் கிடந்த எழுத்து அச்சேறிய ஊரில், படிப்பை மறுபடியும் பூட்டிச் சாவிக்கு விலை பேச விடலாமா?

ஆகவே தோழர்களே, பரீட்சையை ஒழிக்கும் கிளர்ச்சியை விடாதீர்கள். அதுவரை பிள்ளைகளைக் கைவிடவும் வேண்டாம். ஊர்தோறும் வாசகசாலையில் மாலைநேரம் ஒரு விளக்கை ஏற்றி, படித்த வாலிபர்கள் கூலியில்லாமல் பாடம் சொல்லுங்கள். ஒவ்வொரு சூத்திரத்துக்கும் "ஏன்? எப்படி?" என்று கேட்கப் பழக்குங்கள். அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை பரீட்சையில் தோற்றாலும் எந்தப் புரோகிதனிடமும் ஏமாற மாட்டான். தேறினால் நோயாளிக்கு நம்பிக்கையான டாக்டராவான்.