அப்பாவைக் கூட்டிவரச் சொல்லும் வங்கி

அந்த மாணவிக்குப் பதினெட்டு வயது முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. தனியார் கலைக் கல்லூரியில் இளங்கலைக் கணிதம் முதலாண்டு. தங்கியிருப்பது ஆதிதிராவிடர் நல விடுதியில். விடுதியிலிருந்து இரண்டு பேருந்து மாறி, தன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள வங்கிக் கிளைக்கு நான்கு முறை போய்வந்திருக்கிறார். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் சொல்லித் தொடங்கிய கணக்கு அங்கே இருக்கிறது. அது மைனர் கணக்கு. பாதுகாவலராக அப்பாவின் பெயர். பதினெட்டு வயது ஆனதும் கணக்கு முடங்கிவிட்டது. மேஜர் கணக்காக மாற்றித் தர வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை. வேறு ஒன்றுமில்லை.

முதல் முறை, "கே.ஒய்.சி. பண்ணணும், ஆதார் ஜெராக்ஸ் கொண்டா" என்றார்கள். இரண்டாம் முறை, ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பாஸ்புக்கில் முன்னால் இருக்கிறது, "பேரை ஒண்ணாக்கிட்டு வா" என்றார்கள். மூன்றாம் முறை, "பான் கார்டு எங்கே?" நான்காம் முறை, "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா." அப்பா வேறு மாவட்டத்தில் செங்கல் சூளையில் இருக்கிறார். முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர். நினைத்த நாளில் கிளம்பி வந்து கவுண்டரில் நிற்க அவருக்கு அனுமதி இல்லை.

ஐந்தாம் முறை நான் உடன் போனேன். எந்த விதியின்படி அப்பா வரவேண்டும் என்று கேட்டேன். மேலாளர் என்னைப் பார்த்து "உட்காருங்க சார்" என்றார். இருபது நிமிடத்தில் கையெழுத்து வாங்கினார்கள், புகைப்படம் ஒட்டினார்கள், வேலை முடிந்தது. நான்கு முறை கேட்ட பான் கார்டும் பெயர் மாற்றமும் அன்று யாருக்கும் தேவைப்படவில்லை. வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது அந்த மாணவி சொன்னார்: "அப்பாவுக்குப் பதிலா உங்களக் கூட்டிட்டு வந்திருக்கேண்ணா, அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரி. வேலை முடிந்த மகிழ்ச்சியோடு திரும்ப வேண்டிய நான் வெட்கத்தோடு திரும்பினேன். சட்டப்படி அவர் இனி யாருடைய பாதுகாப்பிலும் இல்லை. 1875ஆம் ஆண்டின் வயது நிறைவுச் சட்டம் பதினெட்டு வயதானவரை முழு மனிதராக ஏற்றுக்கொள்கிறது. அவரால் வாக்களிக்க முடியும், ஒப்பந்தம் செய்ய முடியும், வழக்குத் தொடுக்க முடியும். ஆனால் தன் பெயரில், தன் புகைப்படத்தோடு இருக்கும் கணக்கைத் தானே இயக்கப்போகிறேன் என்று சொல்ல, உடன் ஓர் ஆண் தேவைப்பட்டார். அதுவும் பேன்ட் சட்டையும் பேச்சும் உள்ள ஆண்.

விதி என்ன சொல்கிறது? மைனர்களின் கணக்குகள் குறித்து ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வயது நிறைந்ததும் கணக்குதாரரிடமிருந்து புதிய இயக்க அறிவுறுத்தலும் மாதிரிக் கையெழுத்தும் பெற வேண்டும் என்கிறது அது. பாதுகாவலர் இயக்கிய கணக்கு என்றால் இருப்புத் தொகையை உறுதிசெய்துகொள்ளச் சொல்கிறது. பாதுகாவலரைக் கவுண்டரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லவில்லை. இதைவிட முக்கியமான ஒரு வரியும் அதில் உண்டு. பதினெட்டு வயதை எட்டப்போகும் கணக்குதாரர்களுக்கு இந்தத் தேவைகளை முன்கூட்டியே தெரிவித்து, அவை நிறைவேற வங்கியே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதாவது தேடி வரவேண்டியது வங்கி. இங்கே நான்கு முறை பேருந்து ஏறியது மாணவி.

பான் கார்டு கேட்டார்களே, அது இல்லாதவர்கள் படிவம் 60 கொடுத்தால் போதும். அந்தப் படிவம் எல்லா வங்கிக் கிளையிலும் இருக்கிறது. கே.ஒய்.சி. புதுப்பிக்கும் நாள் வருவதற்கு முன்பே வாடிக்கையாளருக்குக் குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எங்கள் தெருக்களில் அப்படிப்பட்ட கடிதம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. நகைக்கடன் ஏல அறிவிப்பு மட்டும் தவறாமல் வருகிறது.

"இது எல்லோருக்கும் உள்ள சிக்கல்தானே, இதில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பதில் இருக்கிறது.

ஊருக்குள் இருக்கும் பையனுக்கும் பதினெட்டு வயதில் கணக்கு முடங்கத்தான் செய்யும். அவனுடைய அப்பா அதே கிளையில் பயிர்க்கடன் வாங்கியவராக, நகை வைத்தவராக, சித்தப்பா அங்கேயே காசாளராக இருப்பார். ஒரு போன் போதும். மாறத் தாமதமானாலும் அவன் இழப்பது ஜி.பே.யில் டீ வாங்கும் வசதியை. இந்த மாணவி இழப்பது ஓராண்டுப் படிப்பை. விதி இருவருக்கும் ஒன்றுதான். அந்த விதியைத் தாண்டுவதற்கான பழக்கமும் உறவும் பேச்சும் சாதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக வங்கிக்குள் கால் வைத்த குடும்பமும், 2014இல் ஜன்தன் கணக்கு வந்த பிறகுதான் பாஸ்புக்கையே பார்த்த குடும்பமும் ஒரே கவுண்டரில் நிற்கும்போது, 'எல்லோருக்கும் ஒரே நடைமுறை' என்பது முன்னவருக்குச் சாதகமாகவே வேலை செய்யும்.

இன்னொன்றும் உண்டு. வங்கியில் யாரும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் ஆதாரில் முகவரி இருக்கிறது. அதில் 'காலனி' என்று இருக்கிறது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். எங்கள் பிள்ளைகளின் ஆதார் அட்டையில் அந்தச் சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஜெராக்ஸைப் புரட்டிய கை முகவரியில் ஒரு கணம் நிற்பதையும், அதுவரை வந்த "சொல்லும்மா" அதன்பின் "என்ன வேணும் உனக்கு" என்று மாறுவதையும் எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். இதை எந்தக் கண்காணிப்புக் கேமராவும் பதிவுசெய்யாது. எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. அதனால் இது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இந்தக் கணக்கு முடங்கினால் முடங்குவது எது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் மனுவாகக் கொடுத்தார். உயர்கல்விக்கு அரசு பணம் தர வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. யாருடைய கருணையாலும் வந்ததல்ல இந்தத் தொகை, வாதாடிப் பெற்றது. தமிழ்நாட்டில் 2012இன் அரசாணை 92, தனியார் கல்லூரிகளில் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசு ஏற்கும் என்றது. அதுவும் போராடிப் பெற்றதே.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இந்தத் திட்டத்தை மாற்றியமைத்தது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய். ஒன்றியம் 60 விழுக்காடு, மாநிலம் 40 விழுக்காடு என்று அறிவித்தது. 2021-22 முதல் ஒன்றிய அரசின் பங்கு ஆதார் வழியாக நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கல்லூரி நிர்வாகங்கள் உதவித்தொகையை விழுங்கிய காலத்தைப் பார்த்தவர்கள் நாம். பணம் மாணவர் கைக்கே வருவது நல்லதுதான். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். 77 ஆண்டுகளாக அரசுக்கும் கல்லூரிக்கும் இடையில் இருந்த பொறுப்பு, இப்போது பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். ஆதார் அதில் இணைந்திருக்க வேண்டும். கே.ஒய்.சி. காலாவதி ஆகியிருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அரசு தன் கடமையைச் செய்துவிட்டதாகக் கணக்கெழுதும். பணம் மட்டும் வந்து சேராது. கல்லூரியோ கட்டணம் கட்டாதவருக்கு ஹால் டிக்கெட் இல்லை என்கிறது.

பதினெட்டு வயது என்பது தற்செயலான வயது அல்ல என்பதைக் கவனியுங்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் அதே வயது. பெருந்தொகை முதன்முதலாக வரவேண்டிய அதே ஆண்டில்தான் கணக்கு மூடிக்கொள்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது.

அலைந்து களைத்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பேருந்து நிலையத்தில் குடைபோட்டு உட்கார்ந்திருக்கும் முகவரிடம் விரல் வைத்து, ஐந்து நிமிடத்தில் வேறொரு கணக்கு தொடங்கிவிடுகிறார்கள். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். விண்ணப்பத்தில் எழுதியது ஒரு கணக்கு, பணம் விழுவது இன்னொரு கணக்கு. சில மாணவர்கள் தங்கள் தொகை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் துறை அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடுவில் அலைகிறார்கள்.

கணக்கை மாற்றித் தரும் இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பள்ளிக் காலத்தில் இருப்புத் தொகை தேவையில்லாத கணக்காக இருந்தது, மேஜர் ஆகும்போது குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய சாதாரணக் கணக்காக மாறிவிடுகிறது. மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமாக மட்டும் 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததை ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பல பொதுத்துறை வங்கிகள் 2025இல் இந்த அபராதத்தைக் கைவிட்டிருக்கின்றன. தனியார் வங்கிகளில் அது தொடர்கிறது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு யார் கேட்டாலும் தரப்பட வேண்டியது. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைப்பதாக அது இருக்கிறது.

வங்கி ஊழியர்கள் மீது பழிபோட்டு முடித்துவிட நான் விரும்பவில்லை. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்கிறார். காப்பீடு விற்கும் இலக்கும் அவர் தலையில்தான். ஆனால் வேலைச் சுமையால் யாரையாவது திருப்பி அனுப்ப வேண்டும் என்றால், எதிர்த்துக் கேட்க மாட்டார் என்று தெரிந்தவரைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தத் தேர்வுக்குப் பெயர்தான் சாதி. இட ஒதுக்கீட்டில் வந்த நம் அதிகாரிகள் இருக்கும் கிளைகளில் பிள்ளைகள் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்குக் கொடுக்கத் துடிப்பவர்கள் எதைப் பறிக்கிறார்கள் என்பது அங்கே தெரியும்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. உதவித்தொகை பெறும் மாணவரின் கணக்கு, பதினெட்டு வயது ஆனது என்பதற்காக வரவை மறுக்கக் கூடாது; எடுப்பதற்கு வேண்டுமானால் கையெழுத்துக் கேட்கட்டும், பணம் உள்ளே வரட்டும். உதவித்தொகைக்காகத் தொடங்கிய இருப்பற்ற கணக்குகளை, இரண்டாண்டு இயக்கமில்லை என்று செயலற்றதாக வகைப்படுத்தக் கூடாது என்று 2024 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதே நியாயம் இங்கும் பொருந்தும். ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றுக்கும் ஜூன், ஜூலையில் வங்கி ஊழியர் நேரில் வந்து முகாம் நடத்த வேண்டும். முடியாது என்று திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வங்கியின் தாமதத்தால் தொகை வரவில்லை என்றால், மாணவரின் ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது என்று உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் பாஸ்புக்கை இப்போதே வாங்கிப் பாருங்கள். பிறந்த தேதியைக் குறித்துவையுங்கள். மாற்றக் கேட்டு எழுதிய கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கி முத்திரை வாங்கச் சொல்லுங்கள். முத்திரை இருந்தால் அது புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். பத்துப் பிள்ளைகளை ஒன்றாக அனுப்புங்கள். நீங்கள் உடன் போனால் வாசலில் நில்லுங்கள். பேச வேண்டியது அவர்கள்.

அந்த மாணவியின் கணக்கு இப்போது இயங்குகிறது. அந்தப் பருவத்துக்கான தொகை இன்னும் வரவில்லை. தேர்வுக் கட்டணத்துக்கு அவருடைய அம்மா சுய உதவிக் குழுவில் வாங்கிய 6,000 ரூபாய்க் கடனுக்கு வாரத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வட்டியை வங்கி கட்டுமா, அரசு கட்டுமா?