கப்பல் பாக்கப் போறீங்களா, களவாங்கப் போறீங்களா?

கொஞ்ச நாளாவே கவனிச்சுட்டு வர்றேன். நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் ஸ்கூபா டைவிங் போயிட்டு வந்துட்டாங்க. அந்தமான், திரிகோணமலை, பாசிக்குடா, ஹிக்கடுவைன்னு ஒரே பயணப் பதிவா இருக்கு. முதல் படத்துல தண்ணிக்குள்ள கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறாங்க. (டைவிங்ல அதுக்கு "மேல போலாம்"னு அர்த்தம் சாமிகளா, "சூப்பர்"னு இல்ல.) கடைசிப் படத்துல வீட்டு மேசை மேல துருப்பிடிச்ச ஒரு சாமான். "மூழ்கிய கப்பலிலிருந்து என் நினைவுப் பரிசு"ன்னு கீழ ஒரு வரி. அதுக்கு நாப்பது பேர் வந்து "கலக்கல் தல"ன்னு பின்னூட்டம் போடுறாங்க.

அந்தக் கடைசிப் படத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

கண்மாய்ல தண்ணி நின்னாலே செய்தியாகுற விருதுநகர்க்காரனுக்கு கடலைப் பத்தி என்னடா பேச்சுன்னு கேக்கலாம். நியாயம்தான். ஆனா பெங்களூர்ல பொட்டி தட்டி சேத்த காசுல முறையா டைவிங் கத்துக்கிட்டு, ரெண்டு வருசம் முன்னாடி நானும் பாசிக்குடா போனேன். பிரிட்டிஷ் சார்ஜண்ட்ங்கற எண்ணெய்க் கப்பலைப் பாத்தேன். 1942-ல மூழ்கினது. சுமார் 24 மீட்டர் ஆழம். இரும்பெல்லாம் பவளம் ஏறி, இடுக்குல களவா மீன் உக்காந்து முறைக்குது. அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஆகவே டைவிங்கே போகாதீங்கன்னு சொல்ற ஆள் நான் இல்ல.

கூட வந்த நண்பர் ஒருத்தர் படகுல ஏறினதும் பாக்கெட்லேர்ந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்தாரு. "என்ன மாப்ள இது?"ன்னேன். "துருப்பிடிச்சு அழியப் போறதக் காப்பாத்திட்டேன் மாப்ள. அடுத்த தடவ ஹெர்ம்ஸ் போவோம், அங்க இன்னும் நிறைய கிடைக்குமாம்." கூட்டிட்டுப் போன வழிகாட்டியும் பாத்தும் பாக்காத மாதிரி கடலைப் பாத்துக்கிட்டிருந்தாரு. கரை வர்ற வரைக்கும் எங்களுக்குள்ள சண்டைதான்.

ஹெர்ம்ஸ்னா என்னன்னு தெரிஞ்சுதான் சொன்னாரா? விமானந்தாங்கிக் கப்பலாவே வடிவமைச்சு கட்ட ஆரம்பிச்ச உலகத்தோட முதல் கப்பல், பிரிட்டனோட ஹெர்ம்ஸ். 1942 ஏப்ரல் 5 கொழும்பு மேல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுச்சு. 9-ம் தேதி திரிகோணமலை. தாக்குதல் வருதுன்னு தெரிஞ்சு முந்தின ராத்திரியே ஹெர்ம்ஸைத் துறைமுகத்துலேர்ந்து வெளிய அனுப்பியிருந்தாங்க. மட்டக்களப்புப் பக்கம் ஜப்பான்காரன் கண்ணுல பட்டுருச்சு. விமானந்தாங்கிக் கப்பல்ல அன்னிக்கு ஒரு விமானம்கூட இல்ல. அரை மணி நேரத்துக்குள்ள கதை முடிஞ்சுது. 307 பேர் செத்தாங்க. வீட்டாங்கற மருத்துவக் கப்பல் வந்து 600 பேர் வரைக்கும் காப்பாத்துச்சு.

அந்த 307 பேர்ல ரொம்பப் பேருக்கு அந்தக் கப்பல்தான் கல்லறை. அங்கதான் நம்மாளு "நிறைய கிடைக்கும்"ங்கறாரு.

எங்க ஊர்ப்பக்கம் வந்து இதைப் பேசச் சொல்லுங்க பாப்போம். 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி. பட்டாசு ஆலையில முதல் வெடி வெடிச்சதும் காப்பாத்தலாம்னும் என்ன ஆச்சுன்னு பாக்கலாம்னும் ஓடினவங்க அடுத்த வெடியில மாட்டிக்கிட்டாங்க. சுமார் 40 பேர் செத்ததுல இப்படி ஓடினவங்க நிறையப் பேர். நான் அப்ப ஸ்கூல்ல படிச்சுட்டிருந்தேன். ஊரே பேச்சில்லாம கிடந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. எரிஞ்ச ஷெட்டுல நெளிஞ்சுபோன ஒரு தூக்குவாளி கிடக்குன்னு வைங்க. காலையில கஞ்சி ஊத்திக் கொண்டுவந்த ஒரு பொம்பளையோடது. அதை "நினைவுப் பரிசு"ன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களா? அதோட படம் போடுவீங்களா? போட்டா ஊர் விடுமா?

தண்ணிக்கு அடியில இருக்குங்கறதால மட்டும் அது வேற கணக்காயிருமா?

இனி வழக்கமா வர்ற சப்பைக்கட்டுகள்.

"வெள்ளைக்காரன் கப்பல்தானே, நமக்கென்ன?" அந்தப் போர்ல பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள்ல கொதிகலன் அறையில வெந்தவங்க, தளம் கழுவினவங்கள்ல நம்மூர் ஆளுங்க நிறையப் பேர். லாஸ்கர்னு சொல்லுவாங்க. ஆயிரக்கணக்குல செத்தாங்க. அதே ஏப்ரல் 6-ம் தேதி விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்துச்சு, வங்காள விரிகுடாவுல சரக்குக் கப்பல்கள் வரிசையா மூழ்குச்சு. மெட்ராஸைக் காலி பண்ணிட்டு சனம் ஊர் ஊரா ஓடுச்சு. இதா நமக்குச் சம்பந்தமில்லாத கதை?

"எப்படியும் அழியப் போவுது, எடுத்தா என்ன?" பூம்புகார் கடல்ல சுமார் 19 மீட்டர் ஆழத்துல ஒரு பழைய கப்பலைத் தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரங்க ஆராய்ஞ்சாங்க. கிடைச்சது ஈயக்கட்டிகள். அதுல 1791, 1792-ன்னு ஆண்டு பொறிச்சிருந்தது. அதை வச்சுத்தான் அந்தக் கப்பல் எந்தக் காலம்னே சொல்ல முடிஞ்சுது. அவங்களுக்கு முன்னாடி நம்மாளு இறங்கி, அந்தக் கட்டிகளை பேப்பர் வெயிட்டாக்க அள்ளிட்டு வந்திருந்தா? ஆராய்ச்சிக்காரன் எடுக்குறப்ப எங்க கிடந்துச்சு, எப்படிக் கிடந்துச்சுன்னு எழுதி வைக்கிறான். நீங்க எடுத்தா ஷோகேஸ் மட்டும்தான் நிறையும்.

"காயலான்கடைக்காரன் எடுக்கலையா, நான் ஒரு துண்டு எடுத்தா தப்பா?" ஆமா, எடுக்குறான். 2016-ல ஜாவா கடல்ல போய்ப் பாத்தா, 1942-ல மூழ்கின டச்சுப் போர்க்கப்பல்கள்ல ரெண்டைக் காணவே காணோம். கப்பலையே அறுத்துத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. உள்ள இருந்த எலும்புகள் என்னாச்சோ. அவன் கிரேன் வச்சுப் பண்றதை நீங்க பாக்கெட் வச்சுப் பண்றீங்க.

"சட்டத்துல தடை இருக்கா?" 2001-ல யுனெஸ்கோ ஒரு உடன்படிக்கை போட்டுச்சு. அதுல 100 வருசமாவது தண்ணிக்குள்ள இருந்தாத்தான் கணக்கு. அப்ப ஹெர்ம்ஸுக்கு 2042 வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் அள்ளிக்கலாமா? சட்டத்துல ஓட்டை இருந்தா புகுந்துக்கலாம்னு நினைக்கிற புத்திக்குப் பேரு சாகசம் இல்ல.

இன்னொண்ணு, எங்க ஊர்க்காரனா சொல்றேன். ஹெர்ம்ஸ்ல வெடிக்காத குண்டுகள் இன்னும் சிதறிக் கிடக்குன்னு இறங்கிப் பாத்தவங்களே எழுதியிருக்காங்க. மருந்துக்கு வயசாச்சுன்னா சாதுவாயிரும்னு எவன் சொன்னான்? 1944-ல இங்கிலாந்துல தேம்ஸ் முகத்துவாரத்துல மூழ்கின ரிச்சர்ட் மாண்ட்கோமரிங்கற கப்பல்ல சுமார் 1,400 டன் வெடிமருந்து இருக்கு. கிட்ட போகவே தடை. நாங்க மருந்து அறைக்குள்ள தப்பா கால் வைக்கக்கூட பயந்து வளர்ந்த சனம். நீங்க ஐம்பது மீட்டருக்கும் கீழ, பொழுதுபோக்கு டைவிங்கோட 40 மீட்டர் எல்லையைத் தாண்டி, நைட்ரஜன் மயக்கத்துல, குண்டுக்கு நடுவுல பித்தளை பொறுக்கப் போறீங்களாக்கும். நல்லா வருவீங்க.

அதனால மக்களே, போங்க, தாராளமா பாருங்க. கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க. பதிவு எழுதுறப்ப அந்தக் கப்பலோட பேரு, மூழ்கின தேதி, செத்தவங்க எத்தனை பேரு, இந்த மூணையும் முதல் பத்தியில எழுதுங்க. உங்க ஃபின்ஸ் என்ன கம்பெனி, மதியம் என்ன சாப்பிட்டீங்கங்கறதெல்லாம் அப்புறம் வரட்டும். அள்ளிட்டு வந்த சாமானோட படம் போடுற பதிவுல "கலக்கல் தல" போடுறதை மொதல்ல நிப்பாட்டுங்க. பாராட்டு நின்னா பாதிக் களவு நின்னுரும்.

டிஸ்கி: "மீன் பிடிக்கிறதும் களவுதானே"ன்னு கேக்கக் கிளம்புற அறிவாளிகளுக்கு: சாப்பாட்டுக்கும் ஷோகேஸுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவங்க மட்டும் சண்டைக்கு வாங்க. ஆணி கொஞ்சம் அதிகம், ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் பதில் சொல்ல முடியும் :-)