நம்மைக் கேட்காமல் போட்ட முதலீடு

"மலிவுக் கட்டண விமானக் கம்பெனிப் பங்குகள் விழுந்து கிடக்கின்றன. கஷ்டகாலத்தில் வாங்கிப் போடுகிறவன்தான் பின்னால் சம்பாதிப்பான்" என்று யூடியூபில் ஒருவர் சொன்னாராம். வாங்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். தோழர், நீங்கள் ஏற்கனவே போட்டுவிட்டீர்கள். உங்கள் அம்மா அப்பாவும் போட்டிருக்கிறார்கள். யாரும் உங்களிடம் கையெழுத்து வாங்கவில்லை, அவ்வளவுதான்.

2020இல் கொரோனா முடக்கத்தின்போது ஒன்றிய அரசு அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடனாளி கட்டாவிட்டால் அரசு கட்டும். சிறு தொழில்களுக்கென்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் 2021இல் விமானத் துறையும் சேர்ந்தது. 2022 அக்டோபரில் ஒரு விமான நிறுவனத்துக்கான உச்சவரம்பு 1,500 கோடி ரூபாயானது. அந்தத் திட்டத்தில் கடன் வாங்கியவர்களில் கோ ஃபர்ஸ்ட்டும் உண்டு. 2023 மே 2 அன்று அது தானாகவே திவால் மனு போட்டது. எஞ்சின் சரியில்லை என்று அமெரிக்கக் கம்பெனியைக் கைகாட்டியது. அப்போது வங்கிகளுக்கு நின்ற பாக்கி 6,500 கோடிக்கு மேல். கொடுத்தவர்களில் முன்வரிசையில் இருந்தவை சென்ட்ரல் பேங்க், பேங்க் ஆஃப் பரோடா என்ற பொதுத்துறை வங்கிகள். 2025 ஜனவரியில் கம்பெனியைக் கலைத்து விற்க உத்தரவு வந்தது. ஏர் டெக்கானை விழுங்கிய கிங்ஃபிஷர் 2012இல் தரையிறங்கியதையும், அதன் முதலாளி லண்டனில் இறங்கியதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் விமானத்துக்கு எதிரி அல்ல. வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகும் நம் சேரிப் பிள்ளைகள் ஏறுவது இந்த மலிவு விமானங்களில்தான். என் கேள்வி கடனைப் பற்றியது.

லோடு ஆட்டோ வாங்கக் கடன் கேட்ட ஒரு தம்பியுடன் வங்கிக்கு அலைந்திருக்கிறேன். அரசு ஊழியர் ஜாமீன் கேட்டார்கள். வீட்டுப் பட்டா கேட்டார்கள். பட்டா இருந்திருந்தால் அவன் ஏன் அங்கே நிற்கப் போகிறான்? அவனுக்கு நாலு மாதம் அலைச்சல், விமான முதலாளிக்கு அரசே ஜாமீன். இதற்குப் பெயர் 'ரிஸ்க் மதிப்பீடு'. சமூகவியல் வகுப்பில் இதை 'சமூக மூலதனம்' என்று படித்தேன். ஊரில் சாதி என்பார்கள்.

சரி, நம் பணம் போகிற இடத்தில் நமக்கு வேலையாவது உண்டா? ஏர் இந்தியா பொதுத்துறையில் இருந்தவரை இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரியில் மலிவுக் கட்டணப் பிரிவான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸையும் சேர்த்து டாடாவிடம் கொடுத்தார்கள். 46,262 கோடி ரூபாய்க் கடனை அரசு தன் தலையில் வைத்துக்கொண்டது. கடன் நமக்கு வந்தது, இடஒதுக்கீடு போனது.

"நெருக்கடியில் அரசு உதவாமல் வேறு யார் உதவுவார்?" என்பார்கள். உதவட்டும். 2020இல் லுஃப்தான்சா தவித்தபோது ஜெர்மன் அரசு சும்மா கொடுக்கவில்லை, 20 விழுக்காடு பங்கை வாங்கிக்கொண்டது. 2022இல் அதை விற்று 76 கோடி யூரோ லாபம் பார்த்தது. இங்கே உத்தரவாதம் கொடுத்த அரசு பங்கு கேட்கவில்லை. ஊழியர் சம்பளத்துக்கு முன்னுரிமை கேட்கவில்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பேச்சே எழவில்லை.

பங்குச் சந்தைக் கணக்கைத் திறப்பதற்கு முன் ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டப்படி ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்குத் தொழில் தொடங்க 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தந்திருக்க வேண்டும். உங்கள் மாவட்ட முன்னோடி வங்கியிடம் கேளுங்கள்: எத்தனை கிளைகள் கொடுத்தன?